கல்கத்தாவில் கீதாவின் பள்ளிக்கூடம்

தங்கை சாரதாவின் கடிதம் வந்தபோது நான் காலாண்டுத் தேர்வு விடைத்தாள்களின் நடுவே உட்கார்ந்திருந்தேன். "அக்கா, கீதா மேல் பள்ளிக்கூடத்தில் அபாண்டமாகப் பழி போடுகிறார்கள். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணை இவள் கொடுமைப்படுத்தினாளாம். இவளா? ஈ எறும்பைக்கூட மிதிக்க மாட்டாளே. மூன்று தடவை என்னைக் கூப்பிட்டனுப்பிவிட்டார்கள். டி.சி. கிழித்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. நீ ஒரு தலைமையாசிரியை. நீ வந்து பேசினால் பேச்சே வேறு."

கடைசி வரியில்தான் நான் விழுந்தேன். தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளிக்குப் பதினோரு வருஷமாக நான் தலைமையாசிரியை. வராந்தாவில் என் செருப்புச் சத்தம் கேட்டால் பத்து வகுப்பும் கப்சிப். கல்கத்தாவில் யாரோ ஒரு அம்மாள் என் தங்கை மகளை மிரட்டுகிறாளா, பார்த்துவிடலாம் என்று விடுமுறை விட்ட அன்றே கிளம்பிவிட்டேன். சம்படம் நிறைய முறுக்கு, இரண்டு கட்டு அப்பளம், ஒரு பை நிறையக் கோபம்.

கீதாவுக்குப் பதிமூன்று வயது. எட்டாம் வகுப்பு. பிறந்ததே கல்கத்தாவில்தான். அவள் அப்பாவுக்கு அலிப்பூரில் மத்திய அரசு அலுவலகத்தில் வேலை. ஊருக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவாள். எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது, அதனால் அவள் மேல் எனக்குச் சாரதாவைவிட உரிமை அதிகம் என்று நானாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரயிலில் எதிர் இருக்கையில் ஒரு வங்காளி அம்மாள். விசாகப்பட்டினத்தில் மகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறாராம். முறுக்கை நீட்டினேன். கடித்துப் பார்த்து, "பல்லுக்கு நல்ல வேலை" என்றார் இந்தியில். சொல்லிக்கொண்டே ஏழு முறுக்கு தின்றார். சாந்த்ராகாச்சியில் வண்டி நின்றது. ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் வரை தண்டவாளமும் கூட்ஸ் பெட்டிகளும். ஹௌரா அதோ இருக்கிறது, வண்டி நகரவில்லை. அவர் படுக்கையைப் பிரித்துத் திரும்பவும் படுத்துவிட்டார். அந்த நிதானம் எனக்கு எந்த ஜன்மத்திலும் வராது.

ஹௌராவில் தங்கையின் கணவர் காத்திருந்தார். பாலத்தைக் கடந்து நகரத்துக்குள் நுழைந்தால், நகரத்தையே யாரோ கிழித்துப் போட்டிருந்தார்கள். மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. சாலையின் நடுவே அகழி, அதன் மேல் மரப்பலகை, பலகை மேல் ஜனம். "எப்ப முடியும்?" என்று கேட்டேன். "கீதா கல்யாணத்துக்குள்ள முடிஞ்சிடும்னு சொல்றாங்க அக்கா" என்றார் அவர், சிரிக்காமல்.

வீட்டில் கீதா ஓடி வந்து கட்டிக்கொண்டாள். என் தோள் உயரத்துக்கு வளர்ந்திருந்தாள். "பெரியம்மா, நீ இளைச்சுப் போயிட்டே" என்றாள். யாரும் என்னிடம் சொல்லாத பொய். அப்போதே முடிவு செய்துவிட்டேன், இந்தக் குழந்தை மேல் ஒரு தப்பும் இருக்க முடியாது.

மறுநாள் வியாழக்கிழமை, தனியாகவே பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டேன். காளிகாட் பக்கம் ஒரு பழைய மாடிக் கட்டடம். டிராமை விட்டு இறங்கியதும் அகழிப் பலகை. பலகையில் நான் நடந்த விதத்தைப் பார்த்து எதிரே வந்த ஒருவர், "மெதுவாக, அம்மா, மெதுவாக" என்றார். அவரைப் பார்த்துத் தலையசைத்த நேரத்தில் என் இடது செருப்பு கழன்று இருபதடிப் பள்ளத்துச் சேற்றில் விழுந்தது. கீழே வேலை செய்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். ஒருவன் அதை எடுத்துக் காட்டினான். எடுத்துக் காட்டினானே தவிர, மேலே வரப் போவதில்லை என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஒற்றைச் செருப்போடு போய் நின்றால் பள்ளிக்கூட வாசலில் காவல்காரர் ராம்தனி. பீகார்க்காரர், அறுபது வயசிருக்கும். பரீட்சை எழுதிப் பாஸ் செய்த என் இந்தியில் தலைமையாசிரியையைப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். அந்த இந்தியைக் கேட்டு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் கண் என் காலில் இருந்தது. உள்ளே போய்த் தம்முடைய நீல ரப்பர் செருப்பைக் கழுவிக் கொண்டுவந்து வைத்தார். ஒவ்வொன்றும் ஒரு சின்னப் படகு. போர் தொடுக்க வந்த நான் அதில் சரக் சரக்கென்று இழுத்துக்கொண்டு படியேறினேன்.

தலைமையாசிரியையை அங்கே எல்லோரும் 'பொர்தி' என்கிறார்கள். பெரியக்கா என்று அர்த்தம். மெலிந்த உருவம், கஞ்சி போட்ட பருத்திப் புடவை, மூக்கு நுனியில் கண்ணாடி. நான் யார், எத்தனை வருஷ அனுபவம், என் பள்ளியில் ஒழுங்கு எப்படி என்று ஆங்கிலத்தில் ஐந்து நிமிஷம் சொன்னேன். அவர் டீ வரவழைத்தார்.

"கீதாவை நாங்கள் வெளியே அனுப்பப் போகிறோம் என்று யார் சொன்னது?"

"பின்னே என் தங்கையை எதற்கு மூன்று தடவை கூப்பிட்டனுப்பினீர்கள்?"

"பேசத்தான். வந்தவுடனே 'என் பெண் யாரையும் அடிக்கவில்லை' என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். அடித்தாள் என்று நாங்கள் சொல்லவேயில்லை."

விஷயத்தை அப்போதுதான் சொன்னார். கோதை என்று ஒரு பெண். தூத்துக்குடியிலிருந்து சுங்க இலாகாவில் மாற்றலாகி வந்தவரின் மகள். கிதிர்பூரில் துறைமுகத்தருகே வீடு. கீதாவின் வகுப்பில்தான் சேர்ந்தாள். இரண்டு வாரமாகப் பள்ளிக்கூடம் வரவில்லை, காய்ச்சலும் இல்லை. வரும் செவ்வாய்க்கிழமை ஊருக்குப் போகும் தெரிந்த குடும்பத்தோடு அவளைத் தூத்துக்குடிக்கு அனுப்பி ஹாஸ்டலில் சேர்த்துவிடுவதாக அவள் அப்பா முடிவு செய்துவிட்டாராம்.

"அதற்குள் அந்தப் பெண் இங்கே திரும்பி வர வேண்டும். வராவிட்டால் தோற்றது அவள் இல்லை, நாங்கள்" என்றார் பொர்தி.

"யார் தப்பு செய்தது என்று கண்டுபிடித்து, காலைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் நிறுத்தி நாலு வைத்தால் முடிந்தது. எங்கள் பள்ளியில் அப்படித்தான்" என்றேன்.

"முடிந்துவிடுகிறதா?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் டீயைக் குடித்தேன். "நீங்கள் சண்டை போட வந்திருக்கிறீர்கள். போடுங்கள். ஆனால் சனிக்கிழமை மத்தியானம் வந்து எங்களோடு உட்கார்ந்து கேட்டுவிட்டு அப்புறம் போடுங்கள்" என்றார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கீதாவோடு ஊர் சுற்றினேன். துர்க்கா பூஜைக்கு இன்னும் இரண்டு வாரம்தான். சந்துக்குச் சந்து மூங்கில் கட்டிப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். காளி கோயிலைச் சுற்றியிருந்த கடைகளில் கீதா சங்கு வளையல் பேரம் பேசினாள் பாருங்கள், கடைக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். "உன் வீடு பவானிப்பூரா?" என்று கேட்டாராம், அவளை வங்காளிப் பெண் என்றே நினைத்து. கீதா முகமெல்லாம் பூரித்து எனக்கு மொழிபெயர்த்தாள். எனக்கும் பூரிப்பு. அந்தப் பூரிப்பை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

மண்சட்டியில் இனிப்புத் தயிர் வாங்கிக் கொடுத்தாள். தயிரில் சர்க்கரை போடுவது எங்கள் ஊரில் அடம்பிடிக்கிற குழந்தைக்கு. இரண்டாவது சட்டி கேட்டபோதுதான் என் கட்சி மாறியது எனக்கே தெரிந்தது. பூரி மாதிரி வெள்ளையாக லூச்சியும் உருளைக்கிழங்கும் தின்றோம். கடுகெண்ணெய் வாசனைக்கு மட்டும் என் மூக்கு கடைசி நாள் வரை ஒத்துவரவில்லை.

திரும்பும்போது டிராமில் கூட்டம். பெண்கள் இருக்கையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். நாலு பெண்கள் சேர்ந்து அவரை எழுப்பி என்னை உட்கார வைத்தார்கள். ஊரில் இதற்குக் கண்டக்டரோடு மல்லுக்கட்ட வேண்டும். சந்தோஷத்தில் நான் என் வகுப்பறைக் குரலில், "கீதா, அந்த அம்மா கூடையில இருக்கறது என்ன மீனுடி?" என்றேன். கீதா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். இன்னொரு தரம் கேட்டேன். "லேட்டர், பெரியம்மா" என்றாள் ஆங்கிலத்தில், உதடு அசையாமல். நாகரிகமான பள்ளிக்கூடத்துப் பழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை அரைநாள். பிள்ளைகள் போனதும் பெரிய ஹாலில் பாய் விரித்தார்கள். நடுவே செய்தித்தாளில் மலை மாதிரிப் பொரி, பச்சை மிளகாய், கடுகெண்ணெய் வாசனை. ஆசிரியைகள் வந்து உட்கார்ந்தார்கள். அதில் ஒன்றும் ஆச்சரியமில்லை. அவர்களுக்குப் பக்கத்திலேயே ராம்தனி உட்கார்ந்தார். மணியடிக்கிற பியூன், பஸ் ஓட்டுகிற சர்தார்ஜி, ஆபீஸ் கிளார்க், முற்றம் பெருக்குகிற மாஷி, எல்லோரும் அதே பாயில் உட்கார்ந்து அதே பொரியை அள்ளினார்கள். மாஷி என்றால் சித்தி. வேலைக்காரியை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை.

என் பக்கத்தில் கணக்கு டீச்சர் நந்திதா உட்கார்ந்து வங்காளியில் பேசுவதை ஆங்கிலத்தில் எனக்குக் கிசுகிசுத்தார். "வகுப்பில் டீச்சர் இருக்கும்போது எந்தக் கொடுமையும் நடக்காது. நடக்கிற இடத்தில் டீச்சர் இருக்க மாட்டாள். இவர்கள்தான் இருப்பார்கள். அதனால் வாரா வாரம் இவர்களைக் கேட்கிறோம்" என்றார். கேட்டுக்கொண்டே, என் பள்ளியில் வாட்ச்மேனிடம் கேட்டை மூடு, திற என்பதைத் தவிர வேறென்ன பேசியிருக்கிறேன் என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

மற்றப் பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டுக் கோதையிடம் வந்தார்கள். பஸ் சர்தார்ஜி முதலில் சொன்னார்: "அவள் ஏறினால் பக்கத்து சீட்டில் எல்லாரும் பையை வைப்பார்கள். நின்றுகொண்டு வந்தாலும் வருவார்கள், அவள் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். நான் கண்ணாடியில் பார்ப்பேன். யாரும் கத்தவில்லை, சண்டை போடவில்லை. அதனால் சொல்லத் தோன்றவில்லை. என் தப்பு."

ராம்தனி சொன்னார்: "சாப்பாட்டு மணி அடித்ததும் டப்பாவை எடுத்துக்கொண்டு என் ஸ்டூல் பக்கத்தில் வந்து நிற்பாள். என் பாஷை அவளுக்குத் தெரியாது, அவள் பாஷை எனக்குத் தெரியாது. சும்மா நின்றுவிட்டுப் போவாள்."

பிறகு மாஷி. முற்றத்தில் இருக்கும் குழாய்க்கிணற்று அடிபம்பு அவள் பொறுப்பு. "ஒருத்தி அடித்தால்தான் ஒருத்தி குடிக்க முடியும். கையை ஏந்திக்கொண்டே அடிக்க முடியுமா? பிள்ளைகள் ஒருத்திக்கு ஒருத்தி அடித்துக் கொடுப்பார்கள். அந்தப் பெண்ணுக்கு அடித்துக் கொடுக்க ஒருத்தியும் இல்லை. நான் பார்த்த நேரம் நான் அடித்தேன். அப்புறம் அவள் வருவதையே நிறுத்திவிட்டாள். இந்தப் புழுக்கத்தில் நாள் முழுக்க ஒரு வாய்த் தண்ணீர் இல்லாமல்."

மாஷி இன்னும் சொன்னாள். நந்திதா பாதியில் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டார்.

"என்ன சொல்கிறாள்?" என்றேன்.

"வேறென்னவோ."

"கீதா என்று காதில் விழுந்தது. சொல்லுங்கள்."

நந்திதா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். முதல் நாள் கோதை குழாய்க்கிணற்றடியில் நேராகக் கீதாவிடம்தான் போனாளாம். தன் பாஷையில் சிரித்துக்கொண்டே என்னவோ கேட்டாளாம். கீதா தோழிகளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, 'இவள் என்ன சொல்கிறாள் என்றே எனக்குப் புரியவில்லை' என்று வங்காளியில் சொன்னாளாம். எல்லோரும் சிரித்தார்களாம். மறுநாளிலிருந்து வகுப்பில் யாருக்குமே கோதை பேசுவது கேட்கவில்லையாம். "எனக்கு அப்போதே உறுத்தியது" என்றாள் மாஷி. "கீதாவின் அம்மா இங்கே வரும்போது தாயும் மகளும் அதே பாஷைதான் பேசுகிறார்கள். நான் கேட்டிருக்கிறேனே."

பொர்தி கண்ணாடியைக் கழற்றினார். "முதல் வாரமே நான் கீதாவைக் கூப்பிட்டு அந்தப் பெண்ணுக்குத் துணையாக இரு என்றேன். அவள் ஊர்த் தமிழ் வேறு, எனக்குப் புரியவில்லை என்றாள். அன்றைக்கு நான் நம்பிவிட்டேன். வகுப்பில் நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியும் எழுந்து, 'இவள் பொய் சொல்கிறாள்' என்று சொல்லவில்லை. செய்தவள் ஒருத்தி, பட்டவள் ஒருத்தி என்று விட்டுவிட முடியாது. அந்த நாற்பது பேரும் எனக்கு வேண்டும்" என்றார்.

அப்புறம் யார் யார் என்ன செய்வது என்று பேசினார்கள். பஸ்ஸில் யார் எங்கே உட்காருவது என்பதை இனி சர்தார்ஜி சொல்வார். குழாய்க்கிணற்றடியில் வரிசை மாஷியின் கையில். பத்தாம் வகுப்புப் பெண்கள் சின்ன வகுப்புகளோடு உட்கார்ந்து சாப்பிடுவார்கள். வகுப்பு டீச்சர் தாமாகவே எழுந்து, எட்டாம் வகுப்போடு தாம் முதலில் பேச வேண்டும், தமக்கும் கண் இருந்தது என்றார். என் தங்கை மகளைப் பற்றி ஒருவரும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். சண்டையைத் தொடங்கியிருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் கீதாவை மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. கேட்டேன். முதலில், "நான் அடிக்கல" என்றாள்.

"அடிச்சியான்னு நான் கேக்கல."

ஒரு துணிக்கவ்வியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். பிறகு மடை திறந்த மாதிரி வந்தது. "உனக்குத் தெரியாது பெரியம்மா. மூணாங் கிளாஸ்ல என்னை இட்லின்னுதான் கூப்பிடுவாங்க. என் டிபனை முகர்ந்து பார்த்து மூக்கைப் பிடிச்சுப்பாங்க. பிஷ்ஷாஸ் கரோ, நெஜமாச் சொல்றேன். நாலு வருஷம் ஆச்சு அவங்க என்னைச் சேர்த்துக்க. அவ வந்து எல்லார் முன்னாடியும் தமிழ்ல பேசினா. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. தெரியும்னு சொன்னா, நான் திரும்ப இட்லி ஆயிடுவேன்."

"அவ என்ன கேட்டா?"

கீதா அழ ஆரம்பித்தாள். "'நீங்களும் தமிழா? நல்லவேளை'ன்னா."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் என் கை துறுதுறுத்தது. பதினோரு வருஷப் பழக்கம். அடித்திருந்தால் அவளும் அழுது முடித்திருப்பாள், எனக்கும் மனசு ஆறியிருக்கும். கோதை செவ்வாய்க்கிழமை ரயிலேறியிருப்பாள். கையைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு, "இப்ப என்ன பண்ணப் போறே?" என்று மட்டும் கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

விஷயத்தைக் கேட்டுக் கீழே சாரதா கொதித்தாள். "நீ எங்க பக்கம் பேச வந்தியா, அவங்க பக்கம் பேச வந்தியா அக்கா? இந்த ஊர்ல இருக்கற தமிழ்க் குடும்பமெல்லாம் நாளைக்கு என்ன பேசும்?"

"நம்ம பொண்ணு பக்கம் பேசத்தான் வந்தேன். இன்னும் அவ பக்கம்தான் இருக்கேன்" என்றேன். அவள் இரண்டு வேளை என்னோடு பேசவில்லை. சாம்பார் மட்டும் வந்தது, உப்பில்லாமல்.

ஞாயிற்றுக்கிழமை கீதாவை அழைத்துக்கொண்டு கிதிர்பூர் போனேன். கூட்டமான பஸ், என் புடவை ஒரு கோழிக்கூடையில் மாட்டிக் கிழிந்தது. கோழிக்காரர் என்னைவிட அதிகமாக வருத்தப்பட்டார். கோதையின் வீடு இரண்டாம் மாடி. துறைமுகத்துக் கிரேன்கள் ஜன்னலில் தெரிந்தன. அவள் அம்மா எங்கள் தமிழைக் கேட்டதும், யார் எவர் என்றுகூடக் கேட்காமல், "வாங்க வாங்க, உள்ள வாங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். யார் என்று சொன்னதும் முகம் இறுகிப் போயிற்று. ஆனாலும் காப்பி வந்தது.

"பிள்ள வாயத் தொறக்க மாட்டேங்கா. ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லங்கா. ஒத்தப் பிள்ளைய அவ்வளவு தூரம் அனுப்பிட்டு நான் இங்க எப்படி இருப்பேன்?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கீதா உள்ளே வரவில்லை. படிக்கட்டில் நின்றாள். உள்ளறைக் கதவைப் பிடித்துக்கொண்டு கோதை நின்றாள். கறுத்து ஒல்லியான பெண், பெரிய கண். நான் தலைமையாசிரியை என்பதையெல்லாம் சொல்லவில்லை. "கீதாவுக்கு நான் பெரியம்மா. அவ செஞ்சது தப்பு. மன்னிப்புக் கேக்க வந்திருக்கா" என்றேன்.

கோதை படிக்கட்டைப் பார்த்தாள். "மன்னிப்பு எனக்கு எதுக்கு? எங்கிட்ட தமிழ்ல கேட்டுட்டு, அங்க போயி மறுபடியும் தெரியாதும்பா."

 இத்தனை வருஷத்தில் நான் எத்தனை பேரை மன்னிப்புக் கேட்க வைத்திருக்கிறேன். கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேனே தவிர, கேட்கப்பட்டவர்களின் முகத்தைப் பார்த்ததில்லை.

"உனக்கு என்னம்மா வேணும்?" என்றேன். இந்தக் கேள்வியையும் நான் எந்தப் பெண்ணிடமும் கேட்டதில்லை.

கதவை விட்டு இரண்டடி முன்னால் வந்தாள். "நான் வகுப்புல பேசணும். அவங்க அத்தன பேருகிட்டயும். எனக்கு வங்காளி தெரியாது, இங்கிலீசும் அவ்வளவா வராது. நான் சொல்லுதத அவ சொல்லணும். ஒண்ணும் விடாமச் சொல்லணும்." பிறகு அவளே, "அவ சரியாத்தான் சொல்லுதாளான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

படிக்கட்டிலிருந்து கீதாவின் குரல் வந்தது. "சொல்லுவேன்."

"பாப்போம்" என்றாள் கோதை.

திங்கட்கிழமை காலை கோதையும் அவள் அம்மாவும் பள்ளிக்கூடம் வந்தார்கள். நான் பொர்தியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கொஞ்சமும் தயங்கவில்லை. கோதையையும் அவள் அம்மாவையும் ஒரு பக்கம் கூட்டிப்போய், "நீ எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம்" என்று கோதையிடம் சொல்லச் சொன்னார். மொழிபெயர்த்தது நான். பிறகு கீதாவிடமும் தனியாகப் பேசினார். எட்டாம் வகுப்புக்குப் பின்னால் பொர்தி, நந்திதா, வகுப்பு டீச்சர், கோதையின் அம்மா, நான். மாஷியும் ராம்தனியும் கதவருகில் நின்றார்கள். வேலையை விட்டுவிட்டு வந்தீர்களா என்று அவர்களை யாரும் கேட்கவில்லை.

கரும்பலகைக்கு முன்னால் இரண்டு பெண்களும் நின்றார்கள். இருவருக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளி.

"எம் பேரு கோதை. தூத்துக்குடியில இருந்து வந்திருக்கேன்" என்றாள். கீதா வங்காளியில் சொன்னாள். குரல் நடுங்கியது.

"பஸ்ஸுல எம் பக்கத்துல பைய வைப்பீங்க. பம்புல எனக்கு யாரும் அடிச்சித் தர மாட்டீங்க. வீட்டுக்குப் போயித்தான் நான் தண்ணி குடிப்பேன்." கீதா சொன்னாள். முதல் வரிசையில் ஒரு பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீங்க யாரும் என்னைய அடிக்கல. அடிச்சிருந்தா எங்கம்மாட்ட காட்டியிருப்பேன். காட்டுததுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்ல." பக்கத்தில் கோதையின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். கீதா அதையும் சொன்னாள். வகுப்பு டீச்சர் கைக்குட்டையை எடுத்தார்.

கோதை கீதாவின் பக்கம் திரும்பினாள். அவளைப் பார்த்துக்கொண்டே, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "எம் பாஷை தெரிஞ்ச ஒருத்தி இந்த வகுப்புல இருக்கா. மொத நாளு அவகிட்டத்தான் போனேன். அவளுக்கு நல்லாப் புரிஞ்சுது. புரியலன்னு பொய் சொன்னா. அது இவதான்."

கீதா வாயைத் திறந்தாள், மூடினாள்.

வகுப்பு காத்திருந்தது. அந்த நாற்பது பெண்களுக்கும் கோதை சொன்னதில் ஒரு வார்த்தை புரியாது. கீதா எதை வேண்டுமானாலும் சொல்லலாம். ஒரு வரியை விழுங்கலாம். 'ஒருத்தி' என்று மட்டும் சொல்லி, யார் என்பதை விட்டுவிடலாம். வங்காளி தெரியாத கோதைக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பொர்தியைப் பார்த்தேன். அவர் அசையவில்லை.  சொல்லிடு கண்ணு, சொல்லிடு என்று மனசுக்குள் கெஞ்சினேன். கெஞ்சி எனக்குப் பழக்கமே கிடையாது.

கீதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வகுப்பை நேராகப் பார்த்தாள். சத்தமாகச் சொன்னாள், நடுங்காத குரலில். அந்த வங்காளிப் பேச்சில் எனக்குப் புரிந்தது ஒரே ஒரு வார்த்தைதான். கடைசியில் வந்தது. அவளுடைய பெயர்.

அதுவரை கோதையையே பார்த்துக்கொண்டிருந்த நாற்பது முகங்களும் ஒரே நேரத்தில் கீதாவின் பக்கம் திரும்பின. கோதை அதைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். சொல்லிவிட்டாள்.

என் பள்ளியில் ஜில்லாவிலேயே முதலாவதாக வந்த பெண்கள் உண்டு. கலெக்டர் கையால் கோப்பை வாங்கியவர்கள் உண்டு. அப்போதெல்லாம் மேடையில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கிறேன். அன்றைக்கு ஒரு ஸ்டூலில், கிழிந்த புடவையைத் தைத்துக் கட்டிக்கொண்டு, அழுதபடி உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு பெருமையை நான் அதற்கு முன் அனுபவித்ததில்லை. அவள் எங்கள் வீட்டுப் பெண் என்று கதவருகில் நின்ற மாஷியைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

கோதை அந்த ஒரு முழ இடைவெளியைத் தாண்டி, கீதாவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இன்னும் இருக்கு. சொல்லுதியா?" என்றாள்.

வகுப்பு முழுக்கக் கேட்கிற மாதிரி, தமிழில், கீதா சொன்னாள்: "சொல்றேன்."